பாதி இடுப்பு மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும்? எட்டு ஆண்டுக்குப் பின் வந்த தொடையிடுக்கு வலி

நகரி மகள் | திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 76 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டுத் தறிக்கொட்டகைக்குள் போகும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்தார்கள். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தது. மூன்றாம் நாள், பைபோலார் எனப்படும் பாதி மூட்டை, எலும்போடு ஒட்டவைக்கும் சிமெண்ட் இல்லாமல் பொருத்தினார்கள். ஆறு மாதத்தில் கைத்தடியையும் விட்டுவிட்டார்கள். விசைத்தறிக்கு ஊடை மாற்றுவது, பாவு பிணைப்பது, ஏகாம்பரகுப்பம் வரை நடந்து போய்க் காய்கறி வாங்குவது என்று எல்லாம் பழையபடி நடந்தன. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் இரண்டு முறை ஏறினார்கள்.

கடந்த ஆறு மாதமாக இடது தொடையிடுக்கில் வலி. உட்கார்ந்து எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது முகம் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், கிண்ணம் தேய்ந்திருப்பதாகவும் முழு மூட்டாக மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார். அன்றே முழு மூட்டு வைத்திருந்தால் இன்று இந்த நிலை வந்திருக்காது என்று என் அண்ணன் சொல்கிறார். அன்று கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால் அந்தச் சொல் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடுவதில்லை. பாதி மூட்டு வைத்தவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகுமா? 76 வயதில் இன்னொரு அறுவை தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர், சித்தூர் | திங்கள், இரவு 10.35

சகோதரி, தங்கள் தாயார் எட்டு ஆண்டு வலியில்லாமல் நடந்திருக்கிறார்கள், மலைப்படியும் ஏறியிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரோ நான்கில் ஒருவரோ ஓராண்டுக்குள் காலமாகிவிடுகிறார்கள் என்பதையும், உயிர் பிழைத்தவர்களில் பலர் பழைய நடையை மீண்டும் பெறுவதில்லை என்பதையும் அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அன்று நீங்கள் இட்ட கையெழுத்து தவறானதன்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு மூட்டு என்பது ஒரு பந்தும் அதைத் தாங்கும் கிண்ணமும். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகும்போது, அந்தக் கழுத்தை ஒட்டியே மேலேறிப் பந்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் கிழிந்துபோகின்றன. அதனால் முதியவர்களுக்கு எலும்பைச் சேர்த்துத் திருகு போட்டாலும், அது கூடாமலே போவதும் பந்து பட்டுப்போவதும் அடிக்கடி நேர்கின்றன. இதற்காகத்தான் பந்தை எடுத்துவிட்டு, தண்டுடன் கூடிய உலோகப் பந்தைத் தொடை எலும்புக்குள் இறக்குகிறோம். முழு மூட்டு என்றால் கிண்ணத்தையும் மாற்றுவோம்; பாதி மூட்டில் கிண்ணத்தை நாம் தொடுவதில்லை. அது நோயாளியின் சொந்தக் குருத்தெலும்போடு அப்படியே இருக்கிறது. உலோகம் அந்தக் குருத்தெலும்பின் மேல் ஆண்டுக்கணக்கில் உராயும்போது சிலருக்கு அது தேய்கிறது. 1950களில் பரவிய ஆஸ்டின் மூர், தாம்சன் வகைகளில் பந்தும் தண்டும் ஒரே வார்ப்பு. 1970களில் வந்த பைபோலாரில் பெரிய பந்துக்குள் ஒரு சிறிய பந்து சுழலும். அசைவின் ஒரு பகுதியை உள்ளேயே ஏற்றுக்கொண்டு கிண்ணத்தைக் காக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சுவீடனில் சராசரி வயது 86 உள்ள 120 பேரிடம் இரண்டு வகைகளையும் ஒப்பிட்டபோது, ஓராண்டில் கிண்ணத் தேய்மானம் ஒற்றைப் பந்து வைத்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கும் பைபோலார் வைத்தவர்களில் 5 பேருக்கும் தெரிந்தது. ஆனால் பலருக்கு அந்த உள் அசைவு நாளடைவில் குறைந்து, பைபோலாரும் ஒற்றைப் பந்தைப் போலவே நடந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் முதலில் அறிய விரும்புவது: வலி தொடையிடுக்கில் மட்டுமா, நடுத்தொடைக்கும் இறங்குகிறதா? படுத்திருக்கும்போதும் இரவிலும் இருக்கிறதா? காய்ச்சல் உண்டா? அறுவைக்குப் பின் எடுத்த பழைய எக்ஸ்ரேக்கள் வீட்டில் இருக்கின்றனவா? தொடையிடுக்கு வலி பெரும்பாலும் கிண்ணத்தைக் காட்டும். நடுத்தொடை வலி தண்டு தளர்ந்திருப்பதைக் காட்டலாம். ஓய்விலும் விடாத வலி என்றால் கிருமித்தொற்றை விலக்காமல் மேலே போகக் கூடாது.

திருத்தணி கணக்காசிரியர் | செவ்வாய், காலை 6.20

என் மனைவிக்கு இதே முறிவு ஏற்பட்டபோது, கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் படித்தேன். மருத்துவன் அல்லன், எண்களைப் படிக்கத் தெரிந்தவன், அவ்வளவே.

2019ஆம் ஆண்டு வெளிவந்த ஹெல்த் என்னும் ஆய்வு 10 நாடுகளில் 1495 பேரிடம் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முழு மூட்டில் நூற்றுக்கு 7.9 பேர், பாதி மூட்டில் 8.3 பேர். ஏறத்தாழ ஒன்றே. மூட்டு நழுவியது முழு மூட்டில் 4.7 பேருக்கு, பாதி மூட்டில் 2.4 பேருக்கு. முழு மூட்டு வைத்தவர்கள் வலியிலும் நடமாட்டத்திலும் சற்றே மேலாக இருந்தார்கள். ஆனால் நோயாளி தன் வாழ்வில் உணரும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இல்லை.

இரண்டு ஆண்டு போதாது என்பீர்கள். நானும் அதையே கேட்டேன். நெதர்லாந்தில் 70 வயதுக்கு மேற்பட்ட 252 பேரைப் பாதி மூட்டு, முழு மூட்டு என்று பிரித்து 12 ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். நடையிலோ மறு அறுவையிலோ சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதற்கு நேர்மாறாக, 65 வயதுக்கு மேற்பட்ட 290 பேரை 13 ஆண்டு பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், பழைய ஆஸ்டின் மூர் பாதி மூட்டு வைத்தவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கும் முழு மூட்டு வைத்தவர்களில் 7 பேருக்கும் குறைவாகவும் மறு அறுவை நடந்திருக்கிறது.

இந்த எண்களில் ஒரு நுட்பம் உண்டு. மறு அறுவை நடந்ததா என்று மட்டும் எண்ணினால், வலி இருந்தும் உடல்நிலை இடங்கொடாததால் அறுவைக்கு அனுப்பப்படாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். வலியோடு முடங்கிய ஒருவரின் மூட்டும் நல்ல மூட்டு என்றே பதிவாகும். தேய்வதற்கு முன்பே காலமானவர்களின் மூட்டும் அப்படித்தான். பத்தாண்டு கழித்து நூற்றில் இத்தனை மூட்டுகள் நன்றாக இருக்கின்றன என்று யாரேனும் சொன்னால், அந்த நூறு பேரில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரேணிகுண்டா வாசகர் | செவ்வாய், காலை 8.05

ஆசிரியர் ஐயா சொன்ன 13 ஆண்டுக் கணக்கே இந்த அம்மாவின் கதை. அறுவையின்போது அவர்களுக்கு வயது 68. தறி ஓட்டினார்கள், கடைக்கு நடந்தார்கள், நினைவு தெளிவாக இருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் என்னும் அமைப்பு அன்று இத்தகையவர்களைத்தான் முழு மூட்டுக்கு உரியவர்கள் என்று குறித்தது: வெளியில் தானாக, அதிகம் போனால் ஒரு கைத்தடியோடு நடப்பவர், அறிவு மங்காதவர், அறுவையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவர். 85 வயதில் கட்டிலை விட்டு இறங்காதவருக்கும் 68 வயதில் மலையேறுகிறவருக்கும் ஒரே மூட்டை வைப்பது எப்படிச் சரியாகும்? அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சகோதரியைக் குறை சொல்லவில்லை. முழு மூட்டு என்று ஒன்று இருப்பதையே யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதுதான் என் மனக்குறை.

ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர், சித்தூர் | செவ்வாய், பகல் 1.40

வாசகர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 70 வயதுக்குள், சுறுசுறுப்பாக இருப்பவருக்கு, இன்னும் பதினைந்து ஆண்டு நடக்கப்போகிறவருக்கு முழு மூட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பேசாமல் விட்டிருந்தால் அது குறைதான். நைஸ் முன்பு இத்தகையவர்களுக்கு முழு மூட்டை அளியுங்கள் என்று உறுதியாகச் சொன்னது. ஹெல்த் ஆய்வு வந்தபின், 2023இல், பரிசீலியுங்கள் என்று தளர்த்திக்கொண்டது. ஆகவே அந்த வழிகாட்டுதலும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை.

ஏற்காத பாதி இது. முழு மூட்டு கூடுதல் நேரமும் கூடுதல் இரத்த இழப்பும் கொண்டது. பழகிய கை வேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் தரையில் அமர்ந்து காய் நறுக்குகிறார்கள், பல வீடுகளில் இன்னும் குந்தும் கழிவறைதான். இடுப்பை ஆழமாக மடக்கி உள்பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. சிறிய பந்து வைத்த முழு மூட்டில் அது பாதி மூட்டைவிடக் கூடுதல். ஒருமுறை நழுவிய மூட்டோடு நள்ளிரவில் வந்த முதியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன்பின் அவர்கள் அஞ்சி அஞ்சியே நடந்தார்கள். எட்டு ஆண்டு கழித்து வரக்கூடிய தேய்மானத்தையும் எட்டாம் வாரத்தில் வரக்கூடிய நழுவலையும் ஒரே தராசில் வைத்துத்தான் மருத்துவர் எடை போடுகிறார்.

சிமெண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்விடங்களில் பலரும் சிமெண்ட் வேண்டாம் என்கிறார்கள். சிமெண்டை அழுத்தும் கணத்தில் சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதய நோய் முற்றியவர்களிடம் அந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் 2022இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்ட 1225 பேரில், தண்டைச் சுற்றி எலும்பு முறிந்தது சிமெண்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 0.5 பேருக்கும் வைக்காதவர்களில் 2.1 பேருக்கும். நான்கு மாதத்தில் வாழ்க்கைத் தரமும் சிமெண்ட் வைத்தவர்களுக்கே மேலாக இருந்தது. ஓராண்டில் காலமானவர்கள் சிமெண்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 23.9 பேர், வைக்காதவர்களில் 27.8 பேர், அதாவது சிமெண்டால் உயிரிழப்பு கூடிவிடவில்லை. எலும்பு மெலிந்த முதியவருக்கு, இதயம் இடங்கொடுத்தால், சிமெண்ட் வைத்த தண்டையே நான் விரும்புவேன்.

குடியாத்தம் மகன் | செவ்வாய், இரவு 9.50

என் அப்பாவுக்கு 84 வயதில் பாதி மூட்டு வைத்தார்கள். நினைவு மங்கத் தொடங்கியிருந்த காலம் அது. மூட்டு எத்தனை ஆண்டு வரும் என்பதே அன்று என் முதல் கேள்வி. விலையை விசாரித்தேன், எந்த நிறுவனத்து மூட்டு என்று விசாரித்தேன், வெளிநாட்டு மூட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பா பதினான்கு மாதத்தில் காலமானார். அந்த மூட்டு கடைசி நாள்வரை ஒரு சிறு வலியும் தரவில்லை.

எங்களைத் தோற்கடித்தவை வேறு. அறுவைக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைக்கச் சொன்னார்கள். வலிக்குமே என்று இரக்கப்பட்டு நாங்கள் ஐந்து நாள் படுக்கவிட்டோம். முதுகின் கீழ்ப்புறத்தில் புண் வந்தது. இரவில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழ முயன்று இருமுறை விழுந்தார்கள். சோறு இறங்கவில்லை, உடம்பில் இருந்த சதையெல்லாம் இரண்டு மாதத்தில் கரைந்துவிட்டது. எவரேனும் இன்று புதிதாக இந்த முடிவை எடுக்கப்போகிறீர்கள் என்றால், மூட்டின் ஆயுளைக் கேட்பதற்கு முன், நாளைக் காலை அப்பாவை யார் எழுப்பி நிற்க வைப்பார்கள் என்று கேளுங்கள்.

புத்தூர் பேரன் | புதன், காலை 7.15

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுதான். தமிழ்நாடு, கர்நாடகம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். என் பாட்டி இடுப்பில் அடிபட்டுக் கட்டுப் போட்டு, மூன்று மாதம் படுத்திருந்து, பிறகு பத்து ஆண்டு நடந்தார்கள். கால் மட்டும் சற்றுக் குட்டையாகிவிட்டது. கத்தியே படாமல் பத்து ஆண்டு. அப்படியிருக்க, பாதி மூட்டா முழு மூட்டா என்ற இந்த விவாதமே எதற்கு?

ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர், சித்தூர் | புதன், காலை 11.30

தம்பி, தங்கள் பாட்டி நடந்ததை நான் முழுமையாக நம்புகிறேன். அதற்கான காரணத்தையும் சொல்கிறேன். இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை வெவ்வேறானவை. மூட்டு உறைக்கு வெளியே, தொடை எலும்பின் புடைப்புப் பகுதியில் முறிந்தால், அங்கே இரத்த ஓட்டம் வளமாக இருப்பதால் எலும்பு எப்படியும் கூடிவிடும். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கூடும். பாட்டிக்கு அதுவே நடந்திருக்க வேண்டும் என்று கால் குட்டையானதை வைத்து ஊகிக்கிறேன். கழுத்துப் பகுதி முறிந்தும் விலகாமல் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றுவிட்டால், அதுவும் சில சமயம் தானே கூடும். ஆனால் கழுத்து முறிந்து விலகிவிட்டால், இரத்தமே போகாத பந்தை எந்தக் கட்டாலும் ஒட்டவைக்க முடியாது. வெளியிலிருந்து பார்த்து எந்த முறிவு என்று சொல்ல எவராலும் இயலாது, எக்ஸ்ரே வேண்டும்.

இன்னொன்று: கூடக்கூடிய முறிவாக இருந்தாலும், மூன்று மாதப் படுக்கை என்பதே 75 வயதுக்காரருக்குப் பெரும் ஆபத்து. நுரையீரல் சளி, காலில் இரத்தக்கட்டி, படுக்கைப் புண் ஆகியவை எலும்பு கூடும்வரை காத்திருப்பதில்லை. பாட்டி தப்பினார்கள், தப்பாதவர்களைப் பற்றி யாரும் ஊரில் பேசுவதில்லை.

புத்தூர் பேரன் | புதன், பகல் 12.10

இந்த வேறுபாட்டை இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி ஐயா.

பள்ளிப்பட்டு இயன்முறை | புதன், இரவு 8.25

நான் வீடுகளுக்குச் சென்று பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளர். நகரி அம்மாவுக்கு அறுவை வேண்டுமா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். அதுவரை செய்யக்கூடியவை உண்டு. கைத்தடியை வலியுள்ள இடது பக்கத்தில் பிடிக்காமல் வலது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். நான் போகும் வீடுகளில் பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடிக்கும்போது, உடலைத் தாங்க இடுப்புத் தசை இழுக்க வேண்டிய விசை குறைகிறது; அதனால் பந்து கிண்ணத்தை அழுத்தும் பாரமும் நன்றாகக் குறைகிறது. நாற்காலி முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியை வலி வராத அளவுக்கு மட்டும் செய்யலாம்.

இதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். இந்த எட்டு ஆண்டில் அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்கு மருந்து கொடுத்தார்களா? நான் பார்க்கும் வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் கால்சியம் மாத்திரையோடு நின்றுவிடுகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றாலே எலும்பு மெலிந்துவிட்டது என்று பொருள். 2007இல் வெளிவந்த ஹொரைசன் ஆய்வில், இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 2127 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சொலெட்ரானிக் அமிலம் என்னும் எலும்பு மெலிவு மருந்தை இரத்தநாளத்தில் ஏற்றினார்கள். மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 13.9 பேருக்குப் புதிய முறிவு வந்தது; பெற்றவர்களில் 8.6 பேருக்கு. காலமானவர்களும் 13.3 என்பதிலிருந்து 9.6 ஆகக் குறைந்தார்கள். மாற்றிய மூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மறுபக்க இடுப்பு முறிந்துவிடுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மருந்துக்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, வைட்டமின் டி அளவு என்ன, பல் பிடுங்க வேண்டியது ஏதேனும் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகரி மகள் | வெள்ளி, இரவு 9.30

அனைவருக்கும் நன்றி. குடியாத்தம் அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அவருக்கு என் ஆறுதலைச் சொல் என்றார்கள்.

டாக்டர் ஐயா கேட்டவற்றுக்கு விடை: வலி தொடையிடுக்கில் மட்டும்தான், நடுத்தொடையில் இல்லை. படுத்தால் போய்விடுகிறது. காய்ச்சல் இல்லை. நேற்று கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்க சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்னும் இரத்தப் பரிசோதனைகள் செய்தோம். இரண்டும் இயல்பு அளவில் உள்ளன. அறுவைக்குப் பின் முதல் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் எடுத்த எக்ஸ்ரேக்கள் பீரோவில் கிடைத்தன. இப்போதையதோடு வைத்துப் பார்த்த மருத்துவர், தண்டு இம்மியும் நகரவில்லை, எலும்பு அதை நன்றாகப் பற்றியிருக்கிறது, ஆனால் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருந்த இடைவெளி மேல்பக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது என்றார். எலும்பு மெலிவுக்கு மருந்து கொடுத்தார்களா என்று இயன்முறை அம்மா கேட்டீர்கள். இல்லை. எட்டு ஆண்டும் கால்சியம் மட்டும்தான். அப்படி ஒரு மருந்து இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

கைத்தடியை வலது கைக்கு மாற்றிய இரண்டே நாளில் முகச்சுருக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர், சித்தூர் | சனி, காலை 9.00

நல்ல செய்தி. கிருமியும் தளர்வும் இல்லை என்றால், இது கிண்ணத் தேய்மானம் மட்டுமே. அவசரம் எதுவும் இல்லை. கைத்தடியாலும் தேவைப்படும்போது போடும் பாரசிட்டமாலாலும் தாங்கக்கூடிய வலி என்றால் காத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, பந்து கிண்ணத்தின் எலும்பைக் குடைந்து இடுப்புக்குள் நகர்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்படி நகரத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. கிண்ணத்தின் எலும்பு மெலிந்தபின் அறுவை கடினமாகிவிடும்.

மாற்றும் அறுவையைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் முறையே வைக்கும் முழு மூட்டைவிட, பாதி மூட்டை முழு மூட்டாக மாற்றுவதில் நழுவலும் கிருமித்தொற்றும் எலும்பு முறிவும் கூடுதலாக நேர்கின்றன; இதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி தண்டைப் பிடுங்குவதில் இருக்கிறது. தங்கள் தாயாருக்குத் தண்டு உறுதியாக இருக்கிறது. ஆஸ்டின் மூர் போல ஒரே வார்ப்பாக இருந்தால் அதையும் எடுத்தாக வேண்டும். தலையும் தண்டும் தனித்தனியாகக் கழற்றக்கூடிய பைபோலார் என்றால், தண்டை அப்படியே விட்டுவிட்டு, பழைய பந்தைக் கழற்றி, புதுக் கிண்ணம் பொருத்தி, புதுத் தலையை மாட்டினால் போதும். நழுவலுக்கு அஞ்சினால் இரட்டை அசைவுக் கிண்ணம் என்று ஒன்று உண்டு. பிரான்சில் 1970களில் உருவானது. தரையில் அமரும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பேன்.

இதற்கு ஒரு தாள் தேவை. அறுவை நாளன்று மூட்டு வந்த பெட்டியிலிருந்து உரித்து நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டும் ஸ்டிக்கர். தண்டின் மேல் நுனியில் தலை மாட்டும் கூம்பின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த ஸ்டிக்கர் இருந்தால் பொருந்தும் தலையை முன்கூட்டியே வரவழைக்கலாம். இல்லையென்றால் தண்டையே எடுக்க வேண்டிவரும் என்ற ஆயத்தத்தோடு உள்ளே போக வேண்டும்.

சத்தியவேடு வாசகி | சனி, பகல் 3.15

செலவு பற்றி ஒரு சொல். நகரி ஆந்திரத்தில் இருப்பதால் அம்மாநில அரசின் மருத்துவத் திட்டமான டாக்டர் என்டிஆர் வைத்திய சேவையின் அட்டை செல்லுபடியாகும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை திருத்தணியில் இருக்கும் உறவினருக்குத்தான் உதவும், தங்களுக்கு அன்று. 70 வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா காப்பீட்டு அட்டை உண்டு. வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எந்த அட்டையாக இருந்தாலும், அந்த மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, மறு அறுவை அதில் அடங்குகிறதா என்பதைச் சேரும் முன் அங்கே திட்ட உதவிக்கென்று இருக்கும் ஆரோக்கிய மித்ராவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரேணிகுண்டா வாசகர் | சனி, மாலை 6.40

தண்டு உறுதியாக இருப்பது மகிழ்ச்சி. நான் முன்பு எழுதியதில் இன்னும் நிற்கிறேன்: 68 வயதில் அந்தத் தெரிவு சகோதரியின் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று முழு மூட்டு வைத்திருந்தால் இன்று நிச்சயம் நலமாக இருந்திருப்பார்கள் என்று தொனிக்கும்படி எழுதிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. மலைப்படி ஏறும்போது அந்த மூட்டு நழுவியிருக்கவும் கூடும். அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

நகரி மகள் | ஞாயிறு, இரவு 10.05

அண்ணனிடம் இந்த இழை முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, அன்று என்ன கேட்க வேண்டும் என்று நமக்கே தெரிந்திருக்கவில்லையே என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஸ்டிக்கரைத் தேடி இரண்டு நாள் வீட்டையே புரட்டினோம். டிஸ்சார்ஜ் தாள்களில் இல்லை. கடைசியில் அம்மாவே எழுந்து போய், பூஜை அலமாரியில் குடும்ப அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்ததை எடுத்து வந்தார்கள். தண்டுக்கு ஒன்று, பைபோலார் பந்துக்கு ஒன்று, உள் தலைக்கு ஒன்று என்று மூன்று ஸ்டிக்கர்கள். எழுத்துகள் சற்று மங்கியிருந்தாலும் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. மருத்துவருக்குப் படமெடுத்து அனுப்பினேன். தலை தனியாகக் கழலும் வகைதான், தண்டை எடுக்க வேண்டியிருக்காது என்று பதில் அனுப்பினார்.

நாளை சிறுநீரகத்துக்கும் வைட்டமின் டிக்கும் இரத்தம் கொடுக்கிறோம். சரியாக இருந்தால் இந்த வாரமே சொலெட்ரானிக் ஊசி. அறுவையை இப்போதைக்கு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். மாசி மாதத்தில் மறு எக்ஸ்ரே. தறிக்கொட்டகைப் படியை இடித்துவிட்டுச் சரிவாக்கி, இரு பக்கமும் பிடிகம்பி வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம், செவ்வாய்க்கிழமை வருகிறார்.